மச்சாள் வாங்கிய மீன்காட்டி

வாழ்வாதார உதவி என்ற சொல்லை நாம் இன்று அடிக்கடி கேட்கின்றோம். தையல் இயந்திரம், கோழிக்கூடு, ஆடு, தோணி, வலை என்று எத்தனையோ பொருட்கள் இந்தப் பெயரில் பெண்களின் கைகளுக்கு வந்து சேருகின்றன. அவற்றுள் சில ஒரு குடும்பத்தையே நிமிர்த்தி விடுகின்றன. வேறு சில, வந்த பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. ஒரு பொருள் பயன்படுமா, பயன்படாதா என்பது அதன் விலையிலும் தரத்திலும் தங்கியிருப்பதாகவே பலரும் நினைக்கின்றனர். அதைத் தெரிவு செய்தவர் யார் என்பதிலும் அது தங்கியிருக்கின்றது என்பது எனது தொழிலில் நான் கண்ட உண்மை.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது நான் பாடசாலை மாணவி. அதன் பின்னர் எமது கரையோரங்களுக்குப் படகுகள் வந்து குவிந்தன. சில இடங்களில் தேவைக்கு அதிகமாகவே வந்தன. எங்கள் கடலுக்கும் எங்கள் தொழிலுக்கும் ஒத்துவராத படகுகளும் அவற்றுள் இருந்தன. அவை கரையிலேயே கிடந்து வெடித்தன. பின்னர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, “பயனாளிகளின் பங்கேற்பு” என்ற பாடத்தை விரிவுரையாளர் விளக்கிய வேளை, எனக்கு அந்தப் படகுகளே நினைவுக்கு வந்தன. இப்போது பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் மத்தியில் வேலை செய்கின்றேன். எனினும், பங்கேற்பு என்ற அந்தச் சொல்லின் முழுப் பொருளையும் எனக்கு விளங்க வைத்தவர் எனது மச்சாள். அவர் அதைச் செய்து காட்டிய இடம், நம்மூர்க் கடற்கரையிலிருந்து வெகு தூரத்தில், கனடாவில் உறைந்து கிடந்த ஓர் ஏரி.

உறைந்த ஏரியில் மீன்பிடி

எனது மூத்த அண்ணா தொண்ணூறுகளில் கனடாவுக்குப் போனவர். எனக்கும் அவருக்கும் பதினாறு வயது இடைவெளி. வடமராட்சிக் கரையில் பிறந்து வளர்ந்த அவருக்கு, ரொறன்ரோ நகருக்குப் போன பின்னரும் தண்ணீரை மறக்க முடியவில்லை. நகரத்திலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் அளவில் ஓடினால் சிம்கோ ஏரி வரும். ஏறக்குறைய 720 சதுர கிலோமீற்றர் பரப்பு. எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பில் பத்தில் ஏழு பங்கு என்று சொல்லலாம். ஆகக்கூடிய ஆழம் 41 மீற்றர். மாரியில் அந்த ஏரியின் மேற்பரப்பு உறைந்து ஐஸாகி விடும். மக்கள் அதன் மேலே நடந்து சென்று, துளையிட்டு, அந்தத் துளைக்குள் தூண்டில் இறக்கி மீன் பிடிக்கின்றார்கள்.

இது வெள்ளையர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்து விடாதீர்கள். அந்த ஏரி கூச்சிச்சிங் என்ற அடுத்த ஏரியுடன் சேரும் ஒடுக்கமான இடத்தில், பூர்வீகக் குடிகள் மரத்தடிகளை வரிசையாக நட்டு மீன்களை மறித்த இடம் ஒன்று இருக்கின்றது. 4,500 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானது. எங்கள் களப்பில் நிற்கும் களங்கட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

அண்ணா 2022 இல் மாரடைப்பால் காலமானார். அவர் இருந்தவரை மாரி ஞாயிறுகளில் மச்சாளும் அவருடன் ஏரிக்குப் போவார். அண்ணா துளையிடுவார், மச்சாள் தூண்டில் பிடிப்பார். அவர் போன பின்னர் முதல் மாரியில் மச்சாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. 2024 இன் தொடக்கத்தில் குளிர் போதாமல் ஐஸ் சரியாகப் பிடிக்கவில்லை. 2025 தை மாதம் நான் இரண்டு மாத விடுமுறையில் அங்கு போனபோது நல்ல குளிர். ஏரி உறைந்திருந்தது. மச்சாள் என்னிடம் சொன்னார்:

“இந்த முறை நான் போகப்போறன். வேலைத்தலத்துப் பிள்ளையள் ரண்டு பேரும் வாறம் எண்டு சொல்லினம். ஆனா, ஒரு பிரச்சினை இருக்கு. எனக்குத் தோள் ஏலாது.”

மச்சாள் உணவுப் பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கின்றார். பல ஆண்டுகளாகப் பெட்டி தூக்கியதில் வலது தோள் பழுதாகி விட்டது. ஐஸில் மீன் தேடுவதென்றால் ஒரு துளையோடு முடியாது. அண்ணா ஒரு காலைப்பொழுதில் பத்துப் பதினைந்து துளைகள் போடுவாராம். ஒவ்வொன்றிலும் தூண்டிலை இறக்கிக் கால் மணித்தியாலம் பார்ப்பார். மீன் இல்லாவிட்டால் அடுத்த துளை. மச்சாளின் தோள் நாலைந்து துளைகளுக்கு மேல் தாங்காது. ஆகவே துளையின் கீழே மீன் இருக்கின்றதா, இல்லையா என்று உடனே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஏரி அவருக்கு இனி இல்லை. இதற்காகத்தான் அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது.

உறவினர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. “ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு மீன் பிடிக்கிற மெஷின் என்னத்துக்கு?” என்று ஒருவர் தொலைபேசியிலேயே கேட்டார். எங்கள் கரையோரங்களிலும் பொதுவாக இதுதானே நிலை? வலையில் மீன் கழற்றுவது, விற்பது, கருவாடு போடுவது எல்லாம் பெண்கள். ஆழம், நீரோட்டம், மீன் நிற்கும் பார் பற்றிய அறிவு மட்டும் ஆண்களுடையது. மச்சாள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. “தேத்தண்ணி ஆறப்போகுது” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

ஒலியால் ஆழம் பார்த்தல்

அந்தக் கருவிக்குப் பெயர் சோனார் பிளாஷர். எங்கள் வீட்டில் அதற்கு மீன்காட்டி என்று பெயர் வைத்து விட்டோம். அது வேலை செய்யும் விதம் மிகவும் எளிமையானது.

எங்கள் முன்னோர் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, எத்தனை பாகம் தண்ணீர் என்று கணக்குப் பார்த்தார்கள். இந்தக் கருவி கயிற்றுக்குப் பதிலாக ஒலியை இறக்குகின்றது. துளைக்குள் தொங்கும் ஒரு சிறு குமிழ், எமது காதுக்குக் கேளாத ஒலித் துடிப்பைக் கீழே அனுப்பும். அது அடித்தரையில் பட்டு எதிரொலியாகத் திரும்பும். குளிர்ந்த தண்ணீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,400 மீற்றர் ஓடுகின்றது. ஏழு மீற்றர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு போதும். இந்த நேரத்தை அளந்து, கருவி ஆழத்தைக் காட்டுகின்றது.

அதன் முகம் மணிக்கூடு போல வட்டமானது. சுற்றிவர ஆழத்தின் எண்கள். அடித்தரை தடித்த சிவப்புக் கோடாகத் தெரியும். நாம் இறக்கிய தூண்டில் மெல்லிய கோடாகத் தெரியும். தூண்டிலை உயர்த்தினால் அந்தக் கோடும் அக்கணமே நகரும். இரண்டுக்கும் இடையில் புதிதாக ஒரு கோடு தோன்றினால் அது பெரும்பாலும் மீன். சாதாரணமான வகையில் மூன்று நிறங்கள் உண்டு. மெல்லிய எதிரொலி பச்சை, நடுத்தரமானது செம்மஞ்சள், பலமானது சிவப்பு. ஒலி கூம்பு போல விரிந்து இறங்குவதால், கூம்பின் ஓரத்தில் நிற்கும் மீன் பச்சையாகத் தெரியும். துளைக்கு நேர் கீழே வர வர அது சிவக்கும். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து “பெரிய மீன்” என்று முடிவு செய்யக் கூடாது. பச்சை என்றால் தள்ளி நிற்கும் மீனாகவும் இருக்கலாம். சின்ன மீனாகவும் இருக்கலாம்.

உலகப் போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய அதே முறைதான் இது. 1957 இல் அமெரிக்காவில் லோரன்ஸ் குடும்பத்தினர் இதைச் சாதாரண மீன்பிடிப்பாளர் பாவிக்கத்தக்க சிறிய கருவியாக்கினர். இன்று ஐஸ் மீன்பிடிக்கு வெக்சிலர், மார்க்கம், ஹம்மின்பேர்ட் முதலான பெயர்களில் பல பிளாஷர்கள் விற்பனையில் உள்ளன.

யார் தெரிவு செய்வது?

மருமகனுக்கு அம்மாவின் மேல் நல்ல பாசம். அவன் கணினியில் தேடி ஒரு முடிவோடு வந்தான். கார்மின் கொம்பனி 2018 இல் லைவ்ஸ்கோப் என்ற கருவியை வெளியிட்ட பின்னர், மீன் நீந்துவதை அந்தந்தக் கணத்திலேயே படம் போலத் திரையில் பார்க்கக்கூடிய சோனார்கள் பிரபலமாகி விட்டன. துளைக்குக் கீழே மட்டுமன்றிச் சுற்றிவரவும் அவை தேடும். “அம்மா, வாங்கினா உதுதான் வாங்க வேணும். நானும் அரைவாசிக் காசு போடுறன்” என்றான். அந்தத் தொகுதியின் விலை மூவாயிரம் டொலரைத் தாண்டியது. சாதாரண பிளாஷர் ஒன்று ஐந்நூற்றைம்பது டொலர் அளவில் இருந்தது.

மச்சாள் மறுத்துப் பேசவில்லை. ஒரு கொப்பியை எடுத்தார். என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார். “நீர்தானே ஊரிலை பொம்பிளையளிட்டைக் கேள்வி கேட்டு எழுதிறனீர். இப்ப என்னட்டைக் கேளும்” என்றார். நான் கேட்டேன், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்தப் பக்கத்தை இங்கே சுருக்கித் தருகின்றேன்.

எந்த மீன்? பேர்ச் என்ற சிறு மீன். கூட்டமாகத் திரியும், பகலில் இரை எடுக்கும், பொரியலுக்கு நல்லது.

எவ்வளவு ஆழம்? ஏரியின் தெற்கேயுள்ள குக்ஸ் குடாவில் ஐந்து முதல் எட்டு மீற்றர் வரை. இந்த விடையே ஒலிக் கூம்பின் அகலத்தைத் தீர்மானித்தது. அகன்ற கூம்பு 19 பாகை. அது ஆழத்தில் மூன்றிலொரு பங்கு அகலத்தைப் பார்க்கும். ஆறு மீற்றர் ஆழத்தில் இரண்டு மீற்றர் வட்டம் தெரியும். ஒடுங்கிய கூம்பு 9 பாகை. அது ஆழத்தில் ஆறிலொரு பங்கையே பார்க்கும். ஆறு மீற்றரில் ஒரு மீற்றர்தான். ஆனால், ஏரியின் நடுவே 24 மீற்றர் ஆழத்தில் பெரிய மீன் தேடுபவருக்கு அகன்ற கூம்பு எட்டு மீற்றர் வட்டத்தைக் காட்டி விடும். மீன் எங்கே நிற்கின்றது என்று அவருக்கு விளங்காது. அவர் ஒடுங்கியதையே எடுக்க வேண்டும். மச்சாளின் ஆழத்துக்கு அகன்றது பொருத்தம்.

யார் தூக்குவது? “நான்தான்.” கருவியின் சுமையில் பெரும்பகுதி பற்றரி. பழைய முறை ஈய பற்றரி, 12 வோல்ட் உடையது, இரண்டரைக் கிலோ வரும். லிதியம் பற்றரி அதில் பாதியும் வராது, விலை கூட. குளிரில் சக்தியையும் நன்றாகத் தாங்கும். ஆனால், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதற்குச் சார்ஜ் போடக் கூடாது. வீட்டுக்குக் கொண்டு வந்து, சூடு ஏறிய பின்னரே போட வேண்டும். ஈய பற்றரியோ, சக்தி இறங்கிய நிலையில் விட்டு வைத்தால் கெட்டு விடும். ஒவ்வொரு தடவையும் வந்தவுடன் சார்ஜ் போட வேண்டும். தோளை நினைத்து மச்சாள் லிதியத்தைத் தெரிந்தார்.

பக்கத்தில் யார்? மூன்று பெண்கள் அருகருகே இருக்கப் போகின்றார்கள். இரண்டு கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தால் ஒன்றின் ஒலி மற்றதைக் குழப்பும். வட்டத்தில் பொய்க் கோடுகள் ஆடும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும் வசதி இருக்க வேண்டும். மற்றவர்களும் நாளைக்குக் கருவி வாங்கலாம்.

அடித்தரையோடு ஒட்டி நிற்கும் மீனைப் பிரித்துக் காட்டுமா? பேர்ச் பெரும்பாலும் தரைக்கு அருகில் நிற்கும் மீன். ஆகவே கடைசி ஆறடி ஆழத்தை மட்டும் பெருப்பித்துக் காட்டும் வசதி இருந்தால் நல்லது.

எத்தனை மணித்தியால உழைப்பு? இதை மச்சாள் தானாகவே எழுதினார். அவ்வேளை ஒன்டாரியோவில் அடிப்படைக் கூலி மணிக்கு 17.20 டொலர். சாதாரண பிளாஷருக்கு 32 மணித்தியாலம். மகன் சொன்ன கருவிக்கு 174 மணித்தியாலத்துக்கு மேல். இரண்டும் வரி கழிக்க முந்திய கணக்கு.

கடைக்கு மூவரும் போனோம். விற்பனையாளர் மருமகனைப் பார்த்தே பேசினார். “எந்த ஆழத்தில் பிடிக்கிறீர்கள்?” என்று அவனிடம் கேட்டார். அவனுக்குத் தெரியாது. அவன் அம்மாவைக் கைகாட்டினான். மச்சாள் கொப்பியைத் திறந்து ஆழத்தையும் மீனையும் சொன்னார். பிறகு தனது தடித்த கையுறைகளைக் கைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, அங்கிருந்த கருவிகளின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். சிறு பொத்தான்களும் தொடுதிரையும் உள்ள கருவிகளைக் கையுறையோடு இயக்க முடியவில்லை. பெரிய திருகு மூன்று கொண்ட பிளாஷர் மட்டும் அவர் கைக்குச் சொன்னபடி கேட்டது. பற்றரியோடு பெட்டியை இடது கையால் தூக்கி, கடைக்குள் ஒரு சுற்று நடந்தார்.

“தம்பி, நீ சொன்னது நல்ல சாமான்தான். ஆனா, அதிலை ஏதும் பிழை வந்தா உன்னைத்தான் கூப்பிட வேணும். நீ படிப்பியோ, எனக்குப் பின்னாலை ஏரிக்கு வருவியோ? இது எனக்கு விளங்குது. இது காணும்.”

மருமகன் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால், வீட்டுக்கு வரும் வழியில் கருவியைத் தன் மடியில்தான் வைத்துக்கொண்டு வந்தான். கூடுதல் பணம் கட்டி வாங்கிய லிதியம் பற்றரி மட்டும் அவனது பங்காயிற்று.

கருவி சொல்லாத ஒன்று

இந்தக் கருவி தண்ணீரின் ஆழத்தைச் சொல்லும், தூண்டிலைக் காட்டும், மீனைக் காட்டும். நாம் நிற்கும் ஐஸ் எங்களைத் தாங்குமா என்பதை அது சொல்லாது. புதிதாகக் கருவி வாங்குபவர்கள் அதன் மீதுள்ள நம்பிக்கையில் இதை மறக்கக் கூடாது.

தெளிந்த நீல நிற ஐஸ் பலமானது. ஓர் ஆள் நடப்பதற்கு அது குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பாக இருக்க வேண்டும். பனி கலந்து வெள்ளையாக உறைந்த ஐஸ் அந்த அளவு பலமில்லை. அதற்கு இரட்டிப்புத் தடிப்பு வேண்டும். நீரோட்டம் உள்ள ஆற்று வாய்களிலும், வெடிப்பு ஓடிய இடங்களிலும் நேற்று இருந்த ஐஸ் இன்று இருக்கும் என்று சொல்ல முடியாது. மச்சாள் கையில் கூரிய இரும்புத் தடி ஒன்று இருந்தது. அது அண்ணாவுடையது. போகும் வழியெல்லாம் அதனால் ஐஸைக் குத்திப் பார்த்து நடந்தார். மற்ற இரு பெண்களையும் இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராக வரச் சொன்னார். மூவரும் மிதக்கும் அங்கி அணிந்திருந்தார்கள். தண்ணீருக்குள் விழுந்தால் ஐஸின் விளிம்பைக் குத்திப் பிடித்து ஏறுவதற்கு, கயிற்றில் கோத்த இரண்டு முள்ளாணிப் பிடிகள் ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கின. எங்கே நிற்போம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று மகனுக்கு எழுதி வைத்திருந்தார்.

மகனது பயத்துக்கு உண்மையான மருந்து விலையுயர்ந்த சோனார் இல்லை என்பதும், இந்தத் தடியும் அங்கியும் கூட்டமும்தான் என்பதும் அவனுக்கே அன்று விளங்கியது. “மாமி, இதுகளைப் பற்றி நான் யோசிக்கேல்லை” என்று அவன் பின்னர் என்னிடம் சொன்னான்.

ஏரியில் முதல் நாள்

முதல் துளையில் அளந்தபோது ஐஸ் 28 சென்ரிமீற்றர். துளையை நானும் ஒரு பங்கு சுற்றினேன். மச்சாள் குமிழை இறக்கி, கருவியை முடுக்கினார். வட்டம் முழுவதும் கோடுகள் மின்னின. “எல்லாம் மீனோ?” என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். ஒலிக்கு உணர்வு கூட்டும் திருகு அதிகமாக இருந்தால் தண்ணீரில் மிதக்கும் தூசியும் கோடாகும். அவர் அதைக் குறைத்துக்கொண்டே வந்தார். தன் தூண்டில் மட்டும் மெல்லிய பச்சையாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினார். “என்ரை தூண்டில் தெரிஞ்சாப் போதும். அதை விடப் பெரிசு எல்லாம் தானாத் தெரியும்” என்றார்.

அந்தத் துளையில் மீன் இல்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்து விட்டார். கருவி இல்லாவிட்டால் கால் மணித்தியாலம் காத்திருந்திருப்பார். அடுத்த இடத்தில் பனியை விலக்கிப் பார்த்தபோது ஐஸ் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, குமிழைத் துளையிடாமலே ஐஸில் வைத்தார். ஒலி ஐஸினூடாக இறங்கி ஆழம் ஆறு மீற்றர் என்று காட்டியது. வெள்ளை ஐஸில் இது நடக்காது. காற்றுக் குமிழிகள் ஒலியை மறித்து விடும். அங்கேதான் இரண்டாவது துளை. அடித்தரைக்குச் சற்று மேலே பச்சைக் கோடு ஒன்று தோன்றியது, செம்மஞ்சளானது, சிவந்தது. தூண்டிலை அவர் மெல்ல ஒரு சாண் உயர்த்தினார். சிவப்புக் கோடும் பின்னாலே உயர்ந்தது. பிறகு இரண்டு கோடுகளும் ஒன்றாயின. தூண்டில் வளைந்தது.

அன்று மூன்று துளைகளில் பதினொரு பேர்ச். சில மீன்கள் வந்து பார்த்து விட்டு இரையைத் தொடாமலே போயின. மீன் வருவதைக் கருவி காட்டும். அதைக் கடிக்க வைப்பது தூண்டில் பிடிப்பவரின் கை. மற்ற இரு பெண்களும் மச்சாளின் பக்கத்தில் குந்தியிருந்து வட்டத்தைப் பார்த்தார்கள். “இது உங்கட தூண்டில், இது தரை, இது மீன்” என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அண்ணா இறக்கிய ஈயக்குண்டையும் பெட்டிக்குள் கொண்டு வந்திருந்தார். பற்றரி முடிந்தால் உதவும் என்றார்.

எமக்கான கேள்விகள்

இந்தக் கதையில் உள்ள கருவி எங்கள் நாட்டுக்கு வேண்டியதல்ல. எங்களிடம் உறைந்த ஏரியும் இல்லை. ஆனால், மச்சாளின் கொப்பியில் இருந்த கேள்விகள் தையல் இயந்திரத்துக்கும் பொருந்தும். அரைக்கும் ஆலைக்கும் பொருந்தும். தண்ணீர்ப் பம்பிக்கும் பொருந்தும்.

ஊருக்குத் திரும்பிய பின்னர் ஒரு கிராமத்தில் பெண்கள் குழுவினருடன் கூடியபோது, அதே கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இந்தப் பொருளை எந்த வேலைக்கு, எந்த அளவுக்குப் பாவிக்கப் போகிறீர்கள்? அதைத் தூக்குவது யார்? நிறுத்தி முடுக்க உங்கள் கையாலேயே முடியுமா? பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும்? அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? உங்கள் உழைப்பில் எத்தனை நாள் அதன் விலை? எந்த ஆபத்தை அது நீக்காது?

இவற்றுக்கு விடை எழுதிய பெண்களில் ஒருவர், பட்டியலில் தன் பெயருக்கு நேரே இருந்த மின்சாரத் தையல் இயந்திரத்தை வெட்டி விட்டு, காலால் மிதிக்கும் இயந்திரம் வேண்டும் என்று எழுதினார். அவரது வீட்டில் மின்சாரம் அடிக்கடி நிற்கும். கட்டணமும் கட்ட வேண்டும். அவர் சொல்லும் வரை அந்தப் பட்டியலைத் தயாரித்த எவருக்கும் அது தெரியாது. அவர் கேட்டதே அவருக்குக் கிடைத்தது. இப்போது பாடசாலைச் சீருடை தைக்கின்றார்.

சகோதரிகளே, உங்கள் பெயரில் ஒரு பொருள் வரப்போகின்றது என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லுங்கள். அதன் பின்னர் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு கேள்விகளை எழுதத் தொடங்குங்கள். கடைக்குப் போகின்றார்கள் என்றால் நீங்களும் கூடவே போங்கள். அந்தப் பொருளை உங்கள் கையாலே இயக்கிப் பார்த்து, உங்கள் கையாலே தூக்கிப் பார்த்த பின்னர், “இது காணும்” என்றோ, “இது வேண்டாம்” என்றோ நீங்களே சொல்லுங்கள்.